ஒரே முகம், ஐந்து விலங்குகள்

(நமது சங்கத்தின் கோடை விடுமுறைச் சந்திப்பில், பெற்றோரும் குழந்தைகளும் கலந்துகொண்ட ஓவிய வகுப்பில் பி பிளாக்கைச் சேர்ந்த ஓய்வுபெற்ற ஓவிய ஆசிரியை ஆற்றிய உரை.)

குட்டிகளே, முன்வரிசையில் நீங்கள் உட்காருங்கள். அப்பா, அம்மா, தாத்தா, பாட்டி எல்லோரும் பின்னால். காரணம் பிறகு சொல்கிறேன்.

ஆளுக்கு ஒரு வெள்ளைத் தாள் கொடுத்திருக்கிறோம். ஒரு கறுப்பு க்ரேயானும் உண்டு. ரப்பர் கிடையாது. யாராவது பையில் வைத்திருந்தால் அது அங்கேயே இருக்கட்டும்.

முதலில் தாளை நீளவாக்கில் பாதியாக மடியுங்கள். பிரித்து, குறுக்குவாக்கில் ஒருமுறை மடியுங்கள். இப்போது தாளின் நடுவில் ஒரு கூட்டல் குறி போல மடிப்புக்கோடு தெரிகிறதா? அதுதான் நமக்கு வழிகாட்டி.

கூட்டல் குறியைச் சுற்றிப் பெரிய வட்டம் போடுங்கள். மேலே லேசாக அமுக்கிய ஆரஞ்சுப் பழம் மாதிரி, கொஞ்சம் அகலமாக இருந்தால் நல்லது. கோணலாக வந்தாலும் நல்லதுதான். கை வராத சின்னவர்கள் டபராவைக் கவிழ்த்து வைத்து அதைச் சுற்றி வரையலாம்.

அடுத்து கண்கள். குறுக்குக் கோட்டுக்குச் சற்றுக் கீழே, இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று. நடுவில் இன்னும் இரண்டு கண் வைக்கும் அளவுக்கு இடம் விடுங்கள். கறுப்பு உருண்டை; அதற்குள் ஒரு சின்ன வெள்ளைப் புள்ளி. இரண்டு கண்ணிலும் புள்ளி ஒரே பக்கம் இருக்க வேண்டும். பார்த்தீர்களா, உயிர் வந்துவிட்டது!

கண்களுக்கு நடுவே, சற்றுக் கீழே, குட்டி மூக்கு. மூக்கிலிருந்து கீழே ஒரு சின்னக் கோடு. அதன் அடியில் இரண்டு கிண்ணங்களை ஒட்டி வைத்த மாதிரி வாய்.

இது இன்னும் எந்த விலங்கும் இல்லை. அதைக் காதுதான் சொல்லும். தலையைக் கடிகாரமாக நினைத்துக்கொள்ளுங்கள். 10 மணியிலும் 2 மணியிலும் அரை வட்டம் வைத்தால் கரடி. அந்தக் காதுகளைக் கறுப்பாக்கி, கண்களைச் சுற்றியும் கறுப்புத் திட்டு வைத்தால் பாண்டா. அதே இடத்திலிருந்து காது கீழே தொங்கினால் நாய்க்குட்டி. 11 மணியிலும் 1 மணியிலும் நீளமாக மேலே போனால் முயல். முனை மழுங்கிய முக்கோணம் வைத்து, மூன்று மூன்று மீசையும் இழுத்தால் பூனை. ஒரே முகம், ஐந்து விலங்குகள்!

நீங்கள் வரைந்துகொண்டே இருங்கள். நான் பின்வரிசையோடு கொஞ்சம் பேசுகிறேன்.

கண்ணைக் கீழே இறக்கி வைக்கச் சொன்னது ஏன்? ஒரு கைக்குழந்தையின் முகத்தைப் பாருங்கள். பெரிய நெற்றி, கீழே இறங்கிய பெரிய கண்கள், உப்பிய கன்னம், துளி மூக்கு. இந்த அமைப்பைக் கண்டால் தூக்கிக் கொஞ்சத் தோன்றுகிறது என்று கொன்ராட் லோரென்ஸ் என்ற விலங்கியல் அறிஞர் 1943இல் எழுதினார். 1928இல் திரைக்கு வந்த மிக்கி மவுஸும் வருடம் போகப்போகக் கண்ணும் தலையும் பெரிதாகி, குழந்தை முகமாகவே மாறியது. கண்ணை நெற்றியில் ஏற்றி, மூக்கை நீட்டிப் பாருங்கள். அதே பூனை உடனே பெரிய மனுஷன் ஆகிவிடும்.

இன்னொன்று. பொதுவாக மூன்று வயதில் குழந்தைக்கு வட்டம் வரும். சதுரம் நாலு, நாலரையில். முக்கோணம் வர ஐந்து வயது ஆகும். சில குழந்தைகளுக்கு முன்பின் ஆகலாம். சில புத்தகங்களில் பூனைதான் முதலில். ஆனால் பூனைக்குக் காது முக்கோணம்! நாலு வயதுப் பிள்ளைக்குக் கரடிதான் சரி. கரடி முழுக்க வட்டம்.

இது எனக்குத் தெரியாததல்ல. பல வருடம் பள்ளியில் சொல்லிக்கொடுத்தவள். ஆனாலும் என் பேரனிடம் தவறினேன். அவனுக்கு அப்போது நாலு வயது. பூனை வரைந்து கொண்டுவந்தான். காது இரண்டும் சுருண்டு, வெண்டைக்காய் மாதிரி இருந்தது. "இப்படி இல்லடா கண்ணா" என்று ரப்பரை எடுத்து அழித்து, நானே காதைப் போட்டுக் கொடுத்தேன். அழகாகத்தான் இருந்தது. அவன் ஒரு நிமிடம் பார்த்தான். "நீங்களே வரைங்க பாட்டி" என்று நோட்டை என் மடியில் வைத்துவிட்டுப் போனான். அதற்குப் பிறகு மாதக்கணக்கில் பென்சிலைத் தொடவில்லை. கேட்டால், "எனக்கு வராது" என்பான்.

அந்தப் பூனை இன்னும் என் பீரோவில் இருக்கிறது. ஆனால் அது அவன் பூனை இல்லை, என்னுடையது.

பிறகு நான் அவனைக் கூப்பிடுவதை விட்டேன். தினமும் சாயங்காலம் தரையில் உட்கார்ந்து, என் தாளில் நான் கரடி வரைவேன். பக்கத்தில் ஒரு வெறும் தாள் கிடக்கும். பத்துப் பன்னிரண்டு நாள் எட்டிப் பார்த்துவிட்டுப் போனான். ஒரு நாள் உட்கார்ந்தான். அவன் கரடிக்கு ஒரு காது பெரிது, ஒரு காது சின்னது. கை துறுதுறுத்தது, அடக்கிக்கொண்டேன். "இந்தக் கரடியைப் பத்திச் சொல்லேன்" என்றேன். "பெரிய காதுல அம்மா கூப்பிடறது கேக்கும் பாட்டி. சின்னது தூங்குது" என்றான். அதை நான் அழித்திருந்தால்?

உங்களைப் பின்னால் உட்காரவைத்த காரணம் இதுதான். வீட்டில் செய்ய வேண்டியது மூன்றே விஷயம். அவர்கள் தாளில் நம் கை படக் கூடாது. ஆசையாக இருந்தால் நமக்கென்று ஒரு தாள் எடுத்துக்கொள்வோம். "இது என்ன?" என்று கேட்காமல் "இதைப் பத்திச் சொல்லு" என்று கேட்போம். அடுத்த வீட்டுப் பிள்ளையின் படத்தோடு ஒப்பிட வேண்டாம்.

சுவர் பாழாகிறது என்று கவலைப்படுபவர்களுக்கு: பழைய மாதக் காலண்டர் தாள்களைத் திருப்பி, குழந்தையின் உயரத்தில் ஒட்டிவிடுங்கள்.

சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள். லிஃப்ட் பக்கத்து அறிவிப்புப் பலகையில் கீழ்ப் பாதியைக் குழந்தைகளுக்குக் கொடுங்கள். பரிசு வேண்டாம், மார்க் வேண்டாம். மெயின்டனன்ஸ் பாக்கிப் பட்டியலுக்குக் கீழே நாலு கரடி சிரித்துக்கொண்டிருந்தால் நமக்கும் நல்லதுதானே?

சரி குட்டிகளே, முடிந்ததா? தாளைத் தூக்கிக் காட்டுங்கள். ஒவ்வொருவராக வந்து உங்கள் விலங்கைப் பற்றிச் சொல்லுங்கள். நாங்கள் கேட்கிறோம்.