அயல்நாட்டுப் படத்தட்டும் நம் வீட்டுப் பெட்டியும்



2009ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில், அப்போது பிரிட்டனின் பிரதம மந்திரியாயிருந்த கார்டன் பிரவுன், புதிதாகப் பதவியேற்றிருந்த அமெரிக்க ஜனாதிபதி பராக் ஒபாமாவைக் காண வாஷிங்டனுக்குச் சென்றபோது, அடிமை வியாபாரத்தை ஒடுக்குவதற்காகக் கடலில் உலவிய 'கேன்னெட்' என்னும் பழைய போர்க்கப்பலின் மரத்தில் செதுக்கிய பேனாத் தாங்கி ஒன்றைக் கொண்டுபோய் அன்பளிப்பாகக் கொடுத்தார். அதற்குப் பிரதியாக ஜனாதிபதி அவருக்கு அளித்தது, புகழ்பெற்ற அமெரிக்கப் படங்கள் இருபத்தைந்தின் டி.வி.டி. தொகுப்பு. பிரதம மந்திரி ஊர் திரும்பி அவற்றில் ஒன்றைப் போட்டுப் பார்க்க உட்கார்ந்தபோது, படம் வராமல், இந்தத் தட்டு இந்தப் பிராந்தியத்துக்கு உரியதன்று என்ற அறிவிப்புத்தான் வந்தது என்று லண்டன் பத்திரிகைகள் கேலியாக எழுதின. அந்தச் செய்தியில் பத்திரிகைக்காரர்களின் கைச்சரக்கு எவ்வளவு என்பது ஒருபுறம் இருக்கட்டும். அமெரிக்கக் கடையில் வாங்கிய தட்டு பிரிட்டிஷ் கடையில் வாங்கிய பிளேயரில் சாதாரணமாக ஓடாது என்பது மட்டும் சத்தியம்.

அந்நிய தேசத்துத் தட்டு நம் வீட்டில் ஓடவில்லையென்றால் அதற்குக் காரணங்கள் இரண்டு உண்டு. ஒன்றுக்கும் மற்றொன்றுக்கும் யாதொரு சம்பந்தமும் கிடையாது. ஆனால் விற்கிற கடைக்காரரிலிருந்து வாங்குகிற வாடிக்கைக்காரர் வரையில் அநேகர் இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொண்டு, ஒரு நோய்க்கு உரிய மருந்தை வேறொரு நோய்க்குக் கொடுத்துப் பணத்தை விரயம் செய்வதை நான் பார்த்திருக்கிறேன். முதற் காரணம் மின்சாரத்தின் சரித்திரத்திலிருந்து வந்தது; இரண்டாவது காரணம் வியாபாரிகளின் யோசனையில் உதித்தது. முன்னதைப் பற்றி எனக்குக் குறை ஒன்றும் இல்லை. பின்னதைப் பற்றி உண்டு.

அமெரிக்காவில் வீடுகளுக்கு வரும் மின்சாரம் விநாடிக்கு 60 முறை திசை மாறி மாறி அலைவது. ஐரோப்பாவில் அது 50. தொலைக்காட்சியை உருவாக்கிய ஆதிகாலத்து எஞ்சினீயர்கள், மின்சாரத்தின் துடிப்பும் படத்தின் துடிப்பும் ஒத்துப் போகாவிட்டால் திரையின் மீது நிழல் பட்டைகள் ஊர்ந்து செல்லும் என்பதைக் கண்டு, படத்தின் வேகத்தை மின்சாரத்தின் வேகத்தோடு இணைத்துவிட்டார்கள். அதனால் 1941இல் அமெரிக்கா வகுத்துக்கொண்ட, பிற்பாடு 1953இல் வர்ணம் சேர்த்துக்கொண்ட, என்.டி.எஸ்.சி. என்ற முறையில் ஒரு படத்துக்கு 525 கோடுகளும் விநாடிக்கு ஏறக்குறைய 30 படங்களும் அமைந்தன. ஐரோப்பாவிலோ 625 கோடுகளும் 25 படங்களும் நிலைத்தன; அதற்கு வர்ணம் பூசும் வித்தையை ஜெர்மனியில் டெலிஃபுங்கன் கம்பெனியைச் சேர்ந்த வால்டர் புரூக் என்பவர் கண்டுபிடித்தார். 'பால்' என்று அழைக்கப்படும் அந்த முறையில் மேற்கு ஜெர்மனியும் பிரிட்டனும் 1967இல் வர்ண ஒளிபரப்பைத் தொடங்கின. அதே வருஷத்தில் பிரான்ஸ், அயலாரின் முறை எதுவும் தனக்கு ஆகாதென்று 'சேகாம்' என்ற சொந்த முறையை ஆரம்பித்தது. டில்லியில் ஆசிய விளையாட்டுப் போட்டி நடந்த 1982ஆம் ஆண்டில் நம் தூர்தர்ஷன் வர்ணத்துக்கு மாறியபோது, நாம் ஏற்றுக்கொண்டது பால் முறையை. இதில் ஒரு வேடிக்கை ஜப்பான்: அந்த நாட்டின் கிழக்குப் பாதியில் மின்சாரம் 50, மேற்குப் பாதியில் 60, தொலைக்காட்சி மட்டும் நாடு முழுவதும் அமெரிக்க முறைதான்.

டி.வி.டி. எண்களால் ஆன நவீன சாதனமாயிற்றே, அதற்கு இந்தப் பழங்கதை எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். தட்டில் படத்தைப் பதியும்போதே அது எந்த முறைப் பெட்டிக்குப் போகிறதோ அதற்கேற்ற அளவில்தான் பதிகிறார்கள். அமெரிக்க முறைத் தட்டில் படம் ஒவ்வொன்றும் 480 கோடுகள்; நம் முறைத் தட்டில் 576. ஆகவே பெட்டிகளுக்கு இடையே இருந்த பேதம் தட்டுக்கும் வந்து ஒட்டிக்கொண்டது. இந்தப் பேதத்தின் லட்சணங்களை எளிதில் கண்டுகொள்ளலாம்: படம் மேலிருந்து கீழாக உருண்டுகொண்டே இருக்கும், அல்லது வர்ணம் போய்க் கறுப்பு வெள்ளையாகத் தெரியும், அல்லது தலையும் காலும் நசுங்கித் தோன்றும். தட்டை வாசிக்க முடிகிறது, ஆனால் வாசித்ததைப் பெட்டியால் சரியாகக் காட்ட முடியவில்லை என்பதே இதன் பொருள்.

இந்த விஷயத்தில் நாம் பாக்கியசாலிகள். பால் முறை நாடுகளில் விற்ற டி.வி.டி. பிளேயர்களும், 1990களுக்குப் பிறகு வந்த தொலைக்காட்சிப் பெட்டிகளும், பெரும்பாலும் இரண்டு முறைகளையும் அனுசரித்துக்கொள்ளும்படியே செய்யப்பட்டன. அமெரிக்காவிலும் கனடாவிலும் விற்ற சாதனங்களோ, தங்கள் முறையைத் தவிர வேறொன்று உலகத்தில் இருப்பதையே அறியாதவை போலப் பெரும்பாலும் நடந்துகொண்டன. நம் ஊரில் கல்யாணத்தைப் படம் பிடித்து, முகப்பில் மணமக்களின் படத்தை அச்சிட்டு, டொரன்டோவிலுள்ள சித்தப்பாவுக்கோ நியூ ஜெர்சியிலுள்ள அத்தைக்கோ ஆசையோடு அனுப்பிய டி.வி.டி.க்கள் அங்கே தாலி கட்டும் கட்டம் வருவதற்கு முன்பே படுத்துக்கொண்டதற்கு இதுதான் காரணம். வீடியோக்காரரின் காமிரா பால் முறைக் காமிரா. ஆகவே அவர் கொடுத்த தட்டும் பால் முறைத் தட்டு. அதில் வேறு பூட்டு ஒன்றும் இல்லை. கல்யாண வீடியோவுக்கு யார் பூட்டுப் போடப் போகிறார்கள்? அத்தைக்கு அந்தத் தட்டைக் கணினியில் போட்டுப் பார்க்கச் சொல்லியிருந்தால் போதும். கணினி இந்த வித்தியாசத்தைப் பொருட்படுத்துவதில்லை. கடைகளில் விற்ற இந்தியத் திரைப்படத் தட்டுகளிலோ அநேகம், கடல் கடந்த வாடிக்கைக்காரர்களை உத்தேசித்து, அமெரிக்க முறையிலேயே தயாராகி வந்தன.

சங்கீத ரசிகர்களுக்காக ஒரு சிறு விலகல். திரைப்படம் எடுக்கப்படுவது விநாடிக்கு 24 படங்கள் என்ற கணக்கில். அதைப் பால் முறைத் தட்டில் ஏற்றும்போது, 24ஐ 25ஆக ஆக்குவதற்குச் சுலபமான வழி படத்தையே சற்று வேகமாக ஓட்டிவிடுவது. அதனால் இரண்டரை மணி நேரப் படம் ஆறு நிமிஷம் முன்னதாக முடிந்துவிடும். அதைப் பற்றி யாரும் வருத்தப்படப் போவதில்லை. ஆனால் ஒலியும் அதே வேகத்தில் ஓடுகிறது. பிரத்யேகமாகத் திருத்தம் செய்யாத தட்டுகளில் சுருதி ஒரு ஸ்வர ஸ்தானத்தில் முக்கால் பங்குக்குச் சற்றுக் குறைவாக ஏறிவிடுகிறது. தியேட்டரில் கேட்ட பாட்டுக்கு வீட்டில் வீணையைச் சேர்த்து வாசிக்க முயன்றவர்கள், தங்கள் காதைச் சந்தேகிக்க வேண்டிய அவசியம் இல்லை.

இனி இரண்டாவது காரணத்துக்கு வருகிறேன். டி.வி.டி. 1996 நவம்பரில் ஜப்பானில் விற்பனைக்கு வந்து, மறுவருஷம் அமெரிக்காவை அடைந்தது. தங்கள் படங்களை அந்தத் தட்டில் வெளியிடுவதற்கு ஹாலிவுட் ஸ்டூடியோக்கள் விரும்பிப் பெற்ற பாதுகாப்புகளில் ஒன்று, உலகத்தைப் பிராந்தியங்களாகக் கூறுபோட்டு, ஒரு பிராந்தியத்தில் விற்ற தட்டு வேறொரு பிராந்தியத்தில் விற்ற பிளேயரில் ஓடக் கூடாது என்னும் ஏற்பாடு. அந்தக் காலத்தில் ஒரு படம் அமெரிக்காவில் திரையிடப்பட்டுச் சில மாதங்கள் கழித்தே பிற தேசங்களின் தியேட்டர்களுக்குப் போகும். அதற்குள் அமெரிக்காவில் தட்டு வந்துவிட்டால் அந்தத் தேசங்களில் தியேட்டர் வசூல் கெட்டுவிடுமே என்பது அவர்கள் சொன்ன நியாயம். நாட்டுக்கு நாடு வேறு விலை வைத்து விற்பதற்கும், நாட்டுக்கு நாடு வேறு விநியோகஸ்தருக்கு உரிமை கொடுப்பதற்கும் அது சௌகரியமாயிருந்தது என்பது அடக்கமாகச் சொல்லப்பட்ட நியாயம்.

அமெரிக்காவும் கனடாவும் முதற் பிராந்தியம்; மேற்கு ஐரோப்பாவும் ஜப்பானும் இரண்டாவது; தென்கிழக்கு ஆசியா மூன்றாவது; ஆஸ்திரேலியாவுக்கும் லத்தீன் அமெரிக்காவுக்கும் நான்கு; இந்தியா, இலங்கை, ருஷ்யா, ஆப்பிரிக்காவின் பெரும்பகுதி இவையெல்லாம் ஐந்து; சீனா தனியே ஆறு. ஏழாம் எண்ணைப் பிற்காலத்துக்கென்று ஒதுக்கி, ஆகாய விமானங்களுக்கும் பிரயாணக் கப்பல்களுக்கும் எட்டாம் எண்ணைக் கொடுத்தார்கள். ஜப்பானும் பிரிட்டனும் ஒரே பிராந்தியத்தில் இருப்பதைக் கவனியுங்கள். லண்டனில் வாங்கிய தட்டை டோக்கியோவுக்குக் கொண்டுபோனால், பிராந்தியப் பூட்டு தானே திறந்துகொள்ளும். ஆனால் லண்டன் தட்டு பால், டோக்கியோப் பெட்டி என்.டி.எஸ்.சி. நான் முதலில் சொன்ன இரண்டு காரணங்களும் வெவ்வேறானவை என்பதற்கு இதைவிடத் தெளிவான திருஷ்டாந்தம் வேண்டியதில்லை.

இந்தப் பூட்டின் தத்துவம் மிகவும் சாமானியமானது. தட்டில் அதன் பிராந்தியம் குறிக்கப்பட்டிருக்கிறது. பிளேயர் அதைத் தன் எண்ணோடு ஒத்துப் பார்த்து, ஒத்துவராவிட்டால் மறுத்துவிடுகிறது. மறுப்பது பிளேயரின் பொறுப்பாதலால், பிளேயரைச் சம்மதிக்க வைத்தால் காரியம் முடிந்தது. தயாரிப்பாளர்களே பல மாடல்களில் இதற்கு ரகசிய வழி ஒன்றை வைத்திருந்தார்கள்: தட்டு வைக்கும் டிரேயை வெளியே இழுத்துவிட்டு, ரிமோட்டில் குறிப்பிட்ட சில பொத்தான்களைக் குறிப்பிட்ட வரிசையில் அழுத்தினால், மறைவாயிருந்த ஒரு மெனு திரையில் தோன்றும், அதில் பிராந்திய எண்ணைப் பூஜ்யம் என்று மாற்றிவிட்டால் அந்தப் பிளேயருக்கு உலகமெல்லாம் ஒரே தேசம். மலிவு விலையில் வந்த சீனத்துப் பிளேயர்களில் பல, பூட்டே இல்லாமல் கடைக்கு வந்தன. இதைக் கண்ட ஸ்டூடியோக்கள் சும்மா இருக்கவில்லை. உன் பிராந்தியம் எது என்று தட்டே பிளேயரைக் கேட்டு, பூஜ்யம் என்ற பதில் வந்தால் ஓட மறுக்கும்படி சில தட்டுகளைச் செய்தார்கள். அத்தகைய தட்டுக்குப் பூஜ்யம் உதவாது. அமெரிக்கத் தட்டென்றால் மெனுவில் ஒன்று என்ற எண்ணையே தேர்ந்துவைக்க வேண்டும்.

கணினியில் உள்ள டி.வி.டி. டிரைவ் விஷயத்தில் சற்று ஜாக்கிரதை வேண்டும். 2000ஆம் ஆண்டிலிருந்து வந்த டிரைவ்களில் பிராந்தியத்தை ஐந்து முறை வரையில் நாமே மாற்றிக்கொள்ளலாம். அதன் பிறகு எந்த எண்ணில் நிற்கிறதோ அதிலேயே நிரந்தரமாக நின்றுவிடும். ஒவ்வொரு தட்டுக்கும் ஒரு முறை மாற்றிக்கொண்டிருந்தவர்கள், ஒரு நாள் தங்கள் சொந்தப் பிராந்தியத்துத் தட்டே ஓடாமல் திகைத்து நின்றதுண்டு. பாரிஸ் எஞ்சினீயரிங் கல்லூரி மாணவர்களின் முயற்சியாகத் தொடங்கி இப்போது இலவசமாகக் கிடைக்கும் வி.எல்.சி. என்ற மென்பொருள், இந்த எண்ணைத் தொடாமலேயே அநேகத் தட்டுகளை ஓட்டிவிடும். எல்லா டிரைவிலும் வெற்றி நிச்சயம் என்று சொல்வதற்கில்லை.

இதெல்லாம் சட்டத்துக்கு உகந்ததா என்ற கேள்வி எழுவது நியாயம். தட்டுகளின் சங்கேதப் பூட்டை உடைக்கும் மென்பொருளை 1999இல் வெளியிட்டவர்களில் ஒருவரான யோன் லெக் யோஹான்சன் என்ற நார்வே தேசத்துப் பையன்மீது வழக்குத் தொடர்ந்தார்கள். காசு கொடுத்து வாங்கிய தட்டைத் தன் கணினியில் பார்ப்பது குற்றமாகாது என்று 2003இல் கீழ்க் கோர்ட்டும், அப்பீல் கோர்ட்டும் அவனை விடுதலை செய்தன. நியூஸிலாந்தின் சட்டம், பிராந்தியப் பூட்டுக்குப் பாதுகாப்பே கிடையாதென்று வெளிப்படையாக விலக்கி வைத்திருக்கிறது. நம் நாட்டில் 2012இல் பதிப்புரிமைச் சட்டத்தில் சேர்த்த 65-ஏ என்ற பிரிவு, உரிமையை மீறும் எண்ணத்தோடு தொழில்நுட்பப் பூட்டை உடைப்பவரைத்தான் தண்டிக்கிறது. காசு கொடுத்து வாங்கிய நேர்மையான தட்டை வீட்டில் குடும்பத்தோடு பார்க்கிறவரை எந்த நியாயஸ்தலமும் திருடனாகக் கருதக் கூடாது என்பது என் அபிப்பிராயம்.

பிராந்தியப் பூட்டின் அநியாயம் எனக்கு முழுமையாக விளங்கியது ப்ளூ-ரே தட்டு வந்த பிறகுதான். அதில் உலகத்தை ஏ, பி, சி என்று மூன்றாகச் சுருக்கினார்கள்: அமெரிக்காவும் ஜப்பானும் ஏ, ஐரோப்பாவும் ஆஸ்திரேலியாவும் பி, இந்தியாவும் ருஷ்யாவும் சீனாவும் சி. பூட்டே போடாமல் வந்த ப்ளூ-ரே தட்டுகள் ஏராளம் என்பதைச் சொல்லத்தான் வேண்டும். ஆனால் போட்ட பூட்டு பலமான பூட்டு; ரிமோட் பொத்தானுக்கு அவ்வளவு எளிதில் மசிவதில்லை. சத்யஜித் ராயின் அபு படங்கள் மூன்றின் மூல நெகடிவ்கள் 1993இல் லண்டன் லாபரட்டரி ஒன்றில் நேர்ந்த தீவிபத்தில் கருகிப்போயின. கருகியது போக மிஞ்சியதை அமெரிக்காவில் அகாடமியின் ஆவணக் காப்பகம் சேமித்து வைக்க, இத்தாலியில் பொலோனா நகரத்துக் கைவினைஞர்கள் சிரத்தையோடு செப்பனிட, கிரைட்டீரியன் என்ற நியூயார்க் நிறுவனம் 2015இல் அவற்றை ப்ளூ-ரேயில் கொண்டுவந்தது. பாராட்ட வார்த்தை இல்லாத கைங்கரியம். ஆயினும் அந்த நிறுவனத்துக்குக் கிடைத்த விநியோக உரிமை அமெரிக்கப் பக்கத்துக்கு உரியதாகையால், தட்டுக்கு ஏ பிராந்தியப் பூட்டுப் போட்டார்கள். வங்காளத்துக் கிராமத்தில் எடுத்த 'பதேர் பாஞ்சாலி'யின் அந்தத் தட்டு, கல்கத்தாக் கடையில் சட்டப்படி விற்கும் சி பிராந்தியப் பிளேயரில் ஓடாது! படத்தின் உரிமையாளருக்கோ, எடுத்த நாட்டுக்கோ, பார்க்க விரும்பிய ரசிகனுக்கோ இதனால் விளைந்த நன்மை ஒன்றுமில்லை.

காலம் கடந்தாவது இது வியாபாரிகளுக்கே விளங்கியது. 2016இல் வந்த 4கே ப்ளூ-ரே தட்டில் பிராந்தியப் பூட்டே வைக்கவில்லை. ஆனால் அதற்குள் பிளேயர் செய்கிறவர்கள் ஒவ்வொருவராகக் கடையை எடுக்கத் தொடங்கிவிட்டார்கள். ரசிகர்கள் பெரிதும் மதித்த ஆப்போ நிறுவனம் 2018இல் நிறுத்தியது, சாம்சங் 2019இல் அமெரிக்காவில் புது மாடல்களை நிறுத்திவிட்டது.

ஆகவே நேயர்களுக்கு ஒரு வேண்டுகோள். வெளிநாட்டுத் தட்டை வாங்குமுன் உறையின் பின்புறத்தில் பூகோளச் சின்னத்துக்குள் உள்ள எண்ணையும், அருகில் பால் என்றோ என்.டி.எஸ்.சி. என்றோ இருக்கும் குறியையும் தனித்தனியே பாருங்கள். உங்கள் வீட்டுப் பரணில் பழைய டி.வி.டி. பிளேயர் தூசி படிந்து கிடந்தால், அதைக் காயலான் கடைக்கு எடைக்குப் போடுமுன் எடுத்துத் துடைத்து, அயல்நாட்டுத் தட்டு ஒன்றைப் போட்டுப் பாருங்கள். ஓடினால் அதை விற்காதீர்கள். அதுபோல் இனிக் கிடைப்பது அரிது.