வயசு போன காலத்தில் நம்மைப் பார்ப்பது யார்?

(தோட்டத் தொழிலாளர் நலக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



வேலைக்குப் போக ஏலாத காலத்தில் நம்மை யார் பார்ப்பது? இந்தக் கேள்வி உலகம் முழுக்க இருக்கு. ஒவ்வொரு தேசமும் அதற்கு ஒவ்வொரு வழி கண்டது.

ஜெர்மனியில் பிஸ்மார்க் காலத்தில், 1883இல் நோய்க் காப்புறுதி, 1884இல் விபத்துக் காப்புறுதி, 1889இல் முதியோர் பென்சன் என்று சட்டங்கள் வந்தன. தொழிலாளர் இயக்கம் வளர்ந்துவிடும் என்ற பயமும் அதற்கு ஒரு காரணம். இங்கிலாந்தில் 1942இல் பெவரிட்ஜ் அறிக்கை வெளியானது. 1948இல் வரிப் பணத்தில் எல்லாருக்கும் இலவச வைத்தியம் வந்தது. இரண்டு நாட்டிலும் அடிப்படை ஒன்றுதான். எல்லார் காசும் ஒரு பொதுப் பெட்டியில் சேரும். கஷ்டம் வந்தவருக்கு அதிலிருந்து போகும்.

ஆசியாவில் பல நாடுகள் முதியவர்களைக் குடும்பம் பார்க்கட்டும் என்றே இருந்தன. ஜப்பான் 1961இல்தான் எல்லாரையும் வைத்தியக் காப்புறுதிக்குள் கொண்டுவந்தது, தென்கொரியா 1989இல். நம்மைப் போலத் தோட்டத்து வேலைக்குத் தமிழர் போன மலாயாவில் 1951இலும், சிங்கப்பூரில் 1955இலும், வெள்ளைக்காரர் ஆட்சியிலேயே சேமலாப நிதி தொடங்கியது. அவர்கள் ஊரில் பொதுப் பெட்டி. இந்தப் பக்கம் அவரவர்க்கு அவரவர் உண்டியல்!

நம்ம நாட்டில் இரண்டும் கலந்திருக்கு. அரசாங்க ஆஸ்பத்திரியும் பள்ளிக்கூடமும் வரிப் பணத்தில் நடக்கின்றன. அரசாங்க உத்தியோகத்தருக்குப் பென்சனும் உண்டு. தோட்டத்தில் நமக்கோ 1958ஆம் ஆண்டுச் சட்டப்படி ஈ.பி.எப். உண்டியல்தான். நலன்புரி வேலை பார்க்கும் நமக்கும் அதேதான். நூறு ரூபாய் சம்பளத்துக்கு நாம் 8 ரூபாய், நிர்வாகம் 12 ரூபாய். ஆண்கள் 55 வயதிலும் பெண்கள் 50 வயதிலும் எடுக்கலாம்.

உண்டியலில் ஒரு ஆபத்து இருக்கு. பென்சன் மாதாமாதம் வரும். இது ஒரே தடவை வரும். கல்யாணம், கடன் என்று ஒரு மாதத்தில் கரைந்தால், மிச்சக் காலத்துக்குப் பிள்ளைகள் கையைத்தான் பார்க்க வேண்டும்.

ஆகவே மூன்று காரியம் செய்வோம். செக்ரோலிலும் அடையாள அட்டையிலும் பேர் ஒரே மாதிரி இருக்குதா என்று இப்பவே பார்ப்போம். ஒரு எழுத்து மாறினாலும் பிறகு அலைச்சல்தான். நமக்குப் பிறகு காசு யாருக்கு என்பதை எழுதி வைப்போம். காசு கைக்கு வந்ததும் ஒரு பங்கையாவது பேங்கில் போடுவோம்.

பொதுப் பெட்டி வேண்டும் என்று கேட்பது நம்ம உரிமை. அதுவரை நம்ம உண்டியலை நாமே காப்போம்.