வீட்டுத் தொட்டியில் பிரிசில்நோஸ் கெளுத்தி: வளர்ப்பும் இனப்பெருக்கமும்

(உழவர் பயிற்சி வகுப்பில் ஆற்றிய உரை)



நெல்லையும் நிலக்கடலையையும் பற்றிப் பேச வேண்டிய உழவியல் விரிவுரையாளர் கண்ணாடித் தொட்டி மீனைப் பற்றிப் பேசுவது உங்களில் சிலருக்கு வியப்பாக இருக்கலாம். இதற்குக் காரணங்கள் இரண்டு. வீட்டில் ஒரு மூலையளவு இடத்தில், அதிக உடல் உழைப்பின்றிச் செய்யக்கூடிய துணைத் தொழிலாக வண்ண மீன் வளர்ப்பைப் பற்றிப் பலரும் கேட்கிறீர்கள். இது முதற் காரணம். அவ்வாறு வாங்கும் மீன்களுள் ஒரு வகை, தொட்டியை விட்டு ஏரிக்கோ கண்மாய்க்கோ போய்ச் சேர்ந்தால் கரையையும் கெடுக்கும், மீன் மகசூலையும் கெடுக்கும். இது இரண்டாவது காரணம். ஆகவே எதை வளர்க்கலாம், எதைத் தொடக்கூடாது என்பதைச் சேர்த்தே சொல்ல வேண்டியிருக்கிறது.

ஒரே குடும்பம், வேறு குணம்

கண்ணாடியில் வாயை ஒட்டிக்கொண்டு பாசியைச் சுரண்டித் தின்னும் கருநிற மீனை மீன் கடைகளில் பார்த்திருப்பீர்கள். 'சக்கர் மீன்' என்றும் 'டேங்க் கிளீனர்' என்றும் அதை விற்கிறார்கள். இது தென் அமெரிக்காவைச் சேர்ந்த கெளுத்தி இனம். உடலில் செதிலுக்குப் பதிலாக எலும்புத் தகடுகள் கவசம் போல் அமைந்திருக்கும். இக்குடும்பத்து மீன்களைப் பொதுவாகப் 'பிளெக்கோ' என்பார்கள். இவற்றுள் ஏறத்தாழ ஆயிரம் இனங்கள் உள்ளன.

கடையில் மலிவாகக் கிடைப்பது பெரும்பாலும் டெரிகோப்ளிக்திஸ் என்னும் பேரினத்தைச் சேர்ந்தது. விரல் நீளக் குஞ்சாக வாங்கும் இம்மீன் சுமார் 50 செ.மீ. வரை வளரும். தொட்டி கொள்ளாமற் போகும்போது, கொல்ல மனமின்றி வளர்ப்பவர் அதை அருகிலுள்ள குளத்தில் விட்டுவிடுகிறார். இம்மீன் கரை மண்ணில் வளை தோண்டி முட்டையிடுவது. ஒரு மீட்டர் ஆழம் வரைகூட வளை செல்லும். வளைகள் பெருகினால் கரை சரியும். இரைப்பையில் காற்றைச் சுவாசிக்கும் ஆற்றல் இருப்பதால், நீர் வற்றிக் கெட்ட நிலையிலும் பிழைத்திருக்கும். முட்களும் தகடுகளும் வலையைக் கிழிக்கும். மெக்சிகோ நாட்டின் இன்பியர்னில்லோ நீர்த்தேக்கம் திலேப்பியா மீன்பிடிப்புக்குப் பெயர் பெற்றது. 2000-ஆம் ஆண்டுக்குப் பின் அங்கு மீனவர் வலைகளில் திலேப்பியாவுக்குப் பதிலாக இந்தக் கவசக் கெளுத்திகளே குவிந்தன. நம் நாட்டில் தமிழ்நாடு, கேரளம், ஆந்திரம், மேற்கு வங்கம் ஆகிய மாநிலங்களின் நீர்நிலைகளிலும் இவை பரவியுள்ளன.

அதே குடும்பத்தில் பிறந்த வேறொரு மீன்தான் பிரிசில்நோஸ் பிளெக்கோ. அறிவியலில் அன்சிஸ்ட்ரஸ் என்பது இதன் பேரினப் பெயர். இது 10 முதல் 13 செ.மீ. அளவோடு நின்றுவிடும். நம் கடைகளில் சக்கர் மீனைப்போல் எங்கும் கிடைப்பதில்லை; தேடித்தான் வாங்க வேண்டும். ஆனால் சக்கர் மீன் வீட்டுத் தொட்டியில் குஞ்சு பொரிக்காது. பிரிசில்நோஸ் எளிதில் பொரிக்கும். சிறு தொழிலாகச் செய்ய விரும்புவோர்க்கு ஏற்றது இதுவே.

வாங்கும்போது கவனிக்க வேண்டியவை

குஞ்சுப் பருவத்தில் இரண்டையும் பிரித்தறிவது கடினம். ஓர் எளிய சோதனை உண்டு. முதுகுத் துடுப்பு விரிந்திருக்கும்போது முன் முள்ளை விட்டுவிட்டு, அதன் பின்னுள்ள கதிர்களை எண்ணுங்கள். பிரிசில்நோஸுக்குப் பொதுவாக 7 கதிர்களே இருக்கும். 9 அல்லது அதற்கு மேல் இருந்தால் அது சக்கர் மீன், வாங்க வேண்டாம். எண்ணிக்கை சரியாக இருந்தாலும், இயன்றவரை தாய் மீன்களை நேரில் பார்த்து வாங்குவதே நலம்.

ஆறு மாதத்துக்கு மேற்பட்ட ஆண் மீனின் நெற்றியிலும் மூக்கின் மேலும் கிளைவிட்ட மீசை போன்ற தூவிகள் நிறைய முளைத்திருக்கும். பெண்ணுக்குத் தூவி இராது. இருந்தாலும் மூக்கு விளிம்பில் மட்டும் குட்டையாக இருக்கும். ஆணின் தூவிகள் குஞ்சுகளின் தோற்றத்தை ஒத்திருப்பதால், 'இவன் குஞ்சு காக்கத் தெரிந்தவன்' என்று பெண் மீன் ஆணைத் தேர்ந்தெடுக்கிறது என்னும் கருத்தை 1999-இல் அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள் வெளியிட்டனர்.

ஆணையும் பெண்ணையும் ஒரே இடத்தில் வாங்காதீர்கள். பொலிகாளையை வெளியூரிலிருந்து கொண்டுவருவது எதற்காகவோ, அதே காரணம் இதற்கும் பொருந்தும். உடன்பிறந்தவற்றை இணைத்துக்கொண்டே போனால் வாரிசு மெலியும்.

தொட்டியும் நீரும்

ஓர் ஆணுக்கும் ஒன்று அல்லது இரண்டு பெண்களுக்கும் 3 அடி நீளம், 1¼ அடி அகலம், 1¼ அடி உயரமுள்ள தொட்டி போதும். இது 100 லிட்டருக்கு மேல் நீர் கொள்ளும். ஒரு தொட்டியில் இரண்டு ஆண்களை விடக்கூடாது, குகைக்காகச் சண்டையிடும். நேர்வெயில் படாத, அடுப்பங்கரைக்குத் தொலைவான இடத்தில் தொட்டியை வையுங்கள். காற்று மோட்டாரும் அதில் இயங்கும் ஸ்பாஞ்ச் வடிகட்டியும் தேவை. வடிகட்டி இரவு பகலாக ஓட வேண்டும்.

தொட்டியில் நீர் நிரப்பிய அன்றே மீனை விடுவதுதான் பெரும்பாலான சாவுகளுக்குக் காரணம். வயலில் இடும் அம்மோனியா உரத்தை மண்ணிலுள்ள நுண்ணுயிர்கள் முதலில் நைட்ரைட்டாகவும், பின்னர் நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன என்பதை நீங்கள் அறிவீர்கள். தொட்டியிலும் அதுவே நடக்க வேண்டும். மீனின் கழிவிலிருந்து வரும் அம்மோனியா மீனுக்கு நஞ்சு, நைட்ரைட்டும் நஞ்சே. நைட்ரேட் அவ்வளவு கெடுதல் செய்யாது. இம்மாற்றத்தைச் செய்யும் நுண்ணுயிர்கள் வடிகட்டியில் பெருக நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். மீன் இல்லாமலே தினமும் சிறிது தீவனம் போட்டு அழுகவிட்டு இந்நுண்ணுயிர்களை வளர்க்கலாம். பாலுக்கு உறை ஊற்றுவது போல, நோயற்ற பழைய தொட்டியின் வடிகட்டிப் பஞ்சு ஒரு துண்டை இட்டால் காலம் குறையும். கார அமில நிலை 8-ஐ நெருங்கும் ஆழ்குழாய்க் கிணற்று நீரில் அம்மோனியாவின் கடுமை மேலும் கூடும் என்பதால் அங்கு இன்னும் பொறுமை வேண்டும். 6.5 முதல் 7.5 வரையிலான நீரே இம்மீனுக்கு உகந்தது. குளோரின் கலந்த குழாய் நீரை ஒரு நாள் திறந்த பாத்திரத்தில் வைத்திருந்து பயன்படுத்துங்கள்.

வாரம் ஒரு முறை நீரில் கால் பங்கை மாற்ற வேண்டும். கழிக்கும் நீரில் நைட்ரேட் இருப்பதால் கத்தரிக்கோ வாழைக்கோ ஊற்றலாம். ஆனால் வாய்க்காலில் ஒருபோதும் விடாதீர்கள். மெல்லிய துணியில் வடிகட்டி மண்ணில்தான் ஊற்ற வேண்டும்.

வெப்பநிலை 23 முதல் 27 பாகை செல்சியஸ் இருப்பது நல்லது. நம் கோடையில் நீர் 30 பாகையைத் தாண்டும். சூடான நீரில் உயிர்வளி குறைவு. கோடையில் காற்றோட்டத்தைக் கூட்டுங்கள். இனப்பெருக்க முயற்சியைத் தள்ளி வையுங்கள். ஐப்பசி முதல் தை வரையிலான குளிர்ந்த மாதங்களே இதற்கேற்ற பருவம்.

தீவனம்

பாசி தின்னும் மீன்தானே, தானே பிழைத்துக்கொள்ளும் என்று விட்டுவிடக்கூடாது. தொட்டிப் பாசி இதன் பசிக்குப் போதாது. வெள்ளரித் துண்டு, பூசணித் துண்டு, வெந்நீரில் நனைத்தெடுத்த பசலைக்கீரை ஆகியவற்றைக் கல்லில் கட்டி அடியில் அமிழ்த்துங்கள். இரவில் இரை தேடும் மீன் இது. விளக்கணைத்தபின் போட்டு, மறுநாள் மிச்சத்தை எடுத்துவிட வேண்டும். அடியில் அமிழும் வில்லைத் தீவனமும், வாரம் ஒரு முறை சிறிது புழுத் தீவனமும் தரலாம். நீரில் ஊறிய மரவேர்க் கட்டை ஒன்றும் தொட்டியில் இருக்கட்டும். அதைச் சுரண்டித் தின்பது இம்மீனின் இயல்பு. பாலோ பிசினோ வடியும் மரம் ஆகாது.

உழவராகிய உங்களுக்கு ஓர் எச்சரிக்கை. பூச்சிமருந்து தெளித்த காயைத் தொட்டியில் போடாதீர்கள். மீனுக்கென்று இரண்டு வெள்ளரிக் கொடிகளை மருந்தின்றி வளர்த்துக்கொள்ளுங்கள். தெளிப்பான் பிடித்த கையைச் சோப்பிட்டுக் கழுவாமல் நீரில் விடாதீர்கள். தாமிரம் கலந்த பூசணக்கொல்லிகள் மீனுக்குக் கொடிய நஞ்சு. மருந்து வைத்திருக்கும் அறையில் காற்று மோட்டார் இருக்கக்கூடாது. அந்த அறைக் காற்றைத்தான் அது நீருக்குள் செலுத்தும்.

முட்டையும் குஞ்சும்

குகை இல்லாமல் முட்டை இல்லை. ஒரு பக்கம் அடைத்த சுட்ட மண்குழாய், 15 செ.மீ. நீளமும் 4 முதல் 5 செ.மீ. அகலமும் உள்ளதாக, குயவரிடம் சொல்லிச் செய்துகொள்ளலாம். ஒரு கணு அடைத்த மூங்கில் துண்டோ, ஓரத்தில் வழி வெட்டிய கொட்டாங்கச்சியோ கூடப் போதும். ஆண் நுழைந்தால் பக்கங்கள் உடலைத் தொடுமளவு இருப்பதே சரியான அளவு.

ஓராண்டு நிரம்பிய இணையை நன்றாகத் தீனி கொடுத்துத் தேற்றுங்கள். பெண்ணின் வயிறு பருத்தபின், தொட்டி நீரைவிட இரண்டு மூன்று பாகை குளிர்ந்த நீரால் கால் பங்கை மாற்றுங்கள். மழைநீர் ஆற்றில் புரள்வதாக மீன் உணரும். சில நாளில் ஆண் குகையைச் சுத்தம் செய்து பெண்ணை உள்ளே அழைக்கும். ஆரஞ்சு நிற முட்டைகள் ஒரு கொத்தாக ஒட்டியிருக்கும். ஓர் ஈட்டில் ஐம்பது முதல் நூறு வரை பொதுவாகக் காணலாம்.

இட்டதோடு தாயின் வேலை முடிந்தது. தந்தைதான் இரையையும் மறந்து வாயிலில் நின்று, துடுப்பால் விசிறி, கெட்ட முட்டையை அகற்றிக் காக்கும். இந்நாட்களில் குகையைத் தூக்கிப் பார்க்காதீர்கள். கலவரமடைந்தால் முட்டைகளை வெளியே தள்ளிவிடும். நான்கு முதல் ஆறு நாளில் பொரியும். மஞ்சட்கருப் பையோடு குஞ்சுகள் மேலும் ஒரு வாரம் குகையிலேயே ஒட்டியிருக்கும். அதுவரை அவற்றுக்குத் தீனி தேவையில்லை.

குகையை விட்டு வெளியே வந்த நாளிலிருந்து மூன்று வாரமே கண்டம். பசியாலும் கெட்ட நீராலும்தான் குஞ்சுகள் சாகின்றன. எந்நேரமும் காய்த்துண்டு இருக்க வேண்டும். ஆனால் அது அழுகக்கூடாது. காலையும் மாலையும் மாற்றுங்கள். ஒரு நாள் விட்டு ஒரு நாள் சிறிதளவு நீரையும் மாற்றுங்கள். இரண்டு மூன்று மாதத்தில் ஓர் அங்குலத்துக்கு மேல் வளர்ந்து விற்பனைக்கு வரும். இட்ட நாள், பொரித்த நாள், பிழைத்த எண்ணிக்கை ஆகியவற்றை ஒரு நோட்டில் குறித்து வாருங்கள்.

விற்பனையும் பொறுப்பும்

சென்னைக் கொளத்தூர் வண்ண மீன் தொழிலுக்குப் பெயர் பெற்ற இடம். அங்கோ, உங்கள் நகரத்துக் கடைகளிலோ, யார் எத்தனை குஞ்சுகளை எடுத்துக்கொள்வார்கள் என்பதைக் கேட்டறிந்த பின்னரே தொட்டி வாங்குங்கள். ஓர் இணையில் தொடங்கி, இரண்டு ஈடு தேறிய பின் பெருக்குங்கள். நிலத்து வருமானத்துக்கு இது ஈடாகாது. வீட்டுச் செலவில் ஒரு பகுதியைத் தாங்கினால் போதும் என்று இறங்குவதே அறிவுடைமை.

எந்தப் பிளெக்கோவும், பிரிசில்நோஸ் உட்பட, நம் மண்ணின் மீன் அன்று. மிஞ்சிய குஞ்சை, விலை போகாத குஞ்சை, இரக்கப்பட்டுக்கூடக் கிணற்றிலோ குளத்திலோ விடாதீர்கள். வேண்டுபவருக்கு இலவசமாகக் கொடுங்கள். கடைக்கே திருப்பித் தாருங்கள். வெள்ளம் புகும் இடத்தில் தொட்டிகளை வைக்க வேண்டாம். உங்கள் கண்மாயில் சக்கர் மீன் வலையில் விழுந்தால் மீண்டும் நீரில் எறியாமல் அப்புறப்படுத்தி, மாவட்ட மீன்வளத் துறை அலுவலகத்துக்குத் தெரிவியுங்கள். கரையில் போட்டாலும் பல மணி நேரம் உயிரோடிருக்கும். மழை பெய்தால் திரும்பிப் போய்விடும் என்பதை நினைவில் வையுங்கள்.

ஏரிக்கரையும் மடையும் ஊருக்கே பொது. ஒரு வீட்டுத் தொட்டியால் அவற்றுக்குக் கேடு வராமல் காத்து, அத்தொட்டியிலிருந்து நாலு காசும் சம்பாதிக்க உங்களால் முடியும். முறையாகச் செய்து பயன் பெறுவீர்களாக.