ஓர் ஆறும் மூன்று நகரங்களும்



கோவை, திருப்பூர், ஈரோடு ஆகிய மூன்றும் அண்டை நகரங்கள். கோவை பஞ்சாலைகளாலும் மோட்டார் பம்புகளாலும் பெயர்பெற்றது. திருப்பூர் பின்னலாடையால் உலகச் சந்தையில் இடம்பிடித்தது. ஈரோடு மஞ்சளுக்கும் ஜவுளிக்கும் சந்தையாயிற்று. ஓரூரின் நூல் மற்றோரூரின் ஆடையாவதால் அவை போட்டியில் முந்துகின்றன. ஆயின், ஆதாயத்தில் இணைந்த ஊர்கள் பொறுப்பில் இணைந்தனவா?

நொய்யல் ஆறு வெள்ளியங்கிரி மலையில் தோன்றி, கோவை, திருப்பூர் வழியே பாய்ந்து, கரூர் மாவட்டத்தில் காவிரியில் கலக்கின்றது. அதில் சாயக்கழிவு விடப்பட்டது. பாசனத்திற்கென 1992-இல் திறக்கப்பட்ட ஒரத்துப்பாளையம் அணை கழிவுநீர்த் தேக்கமாயிற்று, வயல்கள் பாழாயின. 2011 ஜனவரியில் சாயப்பட்டறைகளை மூடுமாறு சென்னை உயர்நீதிமன்றம் ஆணையிட்டது. பட்டறைக் கூலிகளும் வேலையிழந்தனர். நிலமுடையார் இழப்பீடு கேட்டு வழக்காடலாம். நிலமற்ற கூலியாள் எந்தப் பட்டாவைக் காட்டி வழக்காடுவார்?

இதற்கு வழிகாட்டியவர் அண்ணல் அம்பேத்கர். 1942 முதல் 1946 வரை வைசிராய் நிர்வாக சபையில் தொழிலாளர்துறை உறுப்பினராக இருந்த அவர், பீகார், வங்காளம் ஆகிய இரு மாகாணங்களில் பாயும் தாமோதர் ஆற்றுப் பள்ளத்தாக்கை ஒன்றாகக் கொண்டு, வெள்ளத்தடுப்பு, பாசனம், மின்சாரம் ஆகியவற்றைச் சேர்த்துத் திட்டமிட வழிவகுத்தார். 1948-இல் தாமோதர் பள்ளத்தாக்குக் கழகம் அமைந்தது. எல்லைக்கோடு மனிதர் போட்டது. ஆறு அதனை அறியாது.

1993-இல் நடைமுறைக்கு வந்த அரசமைப்பின் 74-ஆம் திருத்தம், பத்து லட்சமும் அதற்கு மேலும் மக்கள்தொகை கொண்ட பெருநகரப் பகுதிக்குத் திட்டக்குழு வேண்டும் என்கின்றது. அதன் உறுப்பினரில் மூன்றில் இரு பங்கிற்குக் குறையாதோர் உள்ளாட்சிகளில் தேர்ந்தெடுக்கப்பட்டவராயிருத்தல் வேண்டும். நகராட்சிகளிலோ பட்டியல் சாதியினர்க்கு மக்கள்தொகை விகிதப்படி இடஒதுக்கீடு உண்டு. ஆகவே, அக்குழுவில் அமரும் வழி நமக்கும் திறந்துள்ளது.

நம் குடியிருப்புகள் பெரும்பாலும் ஊரின் ஓரத்தில் உள்ளன. நகரம் விரியும்போது முதலில் தொடுவது அந்த ஓரத்தையே. அங்கே வருவது குப்பைமேடா, பேருந்தும் பள்ளியும் தொழிற்பயிற்சி நிலையமுமா? நகரங்கள் தனித்தனியே திட்டமிட்டால் ஒவ்வொன்றும் தன் கழிவை அடுத்ததன் வாசலில் தள்ளும். அந்த வாசலில் இருப்பவர் நாமே.

இளைஞர்களே! பட்டம் பெறுவதோடு நம் கல்வி முடிவதில்லை. நகர வரைபடத்தையும் வரவுசெலவுத் திட்டத்தையும் படித்தறிவோம். முடிவெடுக்கும் அவைகளில் கேள்வி கேட்போம். கால் நூற்றாண்டாக நம் கழகம் ஏற்றிய விளக்கு அதற்கு ஒளிதரட்டும்.