இலை உதிரும் மாதத்தில் ஒரு குடும்பப் படம்



குடும்பத்தோடு வெளியே போய் வருவது வெறும் செலவா, வரவு உள்ள செலவா? இதுதான் இன்றைய தலைப்பு. இதற்குப் பெரிய கணக்கெல்லாம் வேண்டாம். ஒரே ஒரு காலைப் பொழுதை எடுத்துக்கொண்டால் போதும்.

ஆண்டு முடியப் போகிறது என்றால் சுற்றுலா விளம்பரங்களைப் பாருங்கள். ஜப்பானில் மேப்பிள் இலை சிவந்துவிட்டது, கொரியாவில் கிங்கோ இலை பொன்னாகிவிட்டது, புறப்படுங்கள் என்று கூப்பிடுகிறார்கள். போக வசதி உள்ளவர்கள் தாராளமாகப் போகட்டும். ஆனால் கெடா மாநிலத்துப் பாடாங் செராயில் இருக்கும் குடும்பம், வீட்டிலிருந்து பத்து நிமிடம் காரை ஓட்டினால் அதே காட்சியைப் பார்க்கலாமே! செராய் என்றால் மலாய் மொழியில் எலுமிச்சைப்புல். பாடாங் என்றால் திடல். பெயரில் புல் இருந்தாலும் அந்த வட்டாரத்துக்குச் சோறு போட்டது பால்மரம்தான். பிப்ரவரி வாக்கில் அந்தப் பால்மரக் காடு மஞ்சளாகி, செம்பழுப்பாகி, சில மரங்கள் இரத்தச் சிவப்பாகவே மாறி நிற்கும். மரத்தடியில் கணுக்கால் புதைய இலை. காற்று அடித்தால் மழை மாதிரி கொட்டும்.

ஒரு குடும்பம் அதைப் படம் எடுக்கப் புறப்படுகிறது என்று வைத்துக்கொள்வோம். அப்பாவுக்குக் கூலிம் தொழிற்பேட்டையில் வேலை. 1996இல் திறக்கப்பட்ட உயர் தொழில்நுட்பப் பூங்காதான். அம்மா வீட்டில் தையல் வேலை செய்கிறார். இடைநிலைப் பள்ளியில் படிக்கும் மகள், ஆரம்பப் பள்ளியில் படிக்கும் மகன். அப்பாவின் அம்மா, எழுபது வயதைத் தாண்டிய பாட்டி. சனிக்கிழமை காலை, ரொட்டி சானாய் பசியாறிவிட்டுக் கிளம்புகிறார்கள்.

"பாட்டி, நாங்க ஆட்டம் பாக்கப் போறோம், வாங்க" என்கிறான் பையன். பள்ளியில் கற்ற ஆங்கிலச் சொல்!

"ஆட்டமா? யாருடா ஆடுறா?" என்று பாட்டி கேட்கிறார். காரில் ஒரே சிரிப்பு.

தோட்டத்து ஓரத்தில் கார் நிற்கிறது. பிள்ளைகள் இலையை வாரி வாரி மேலே எறிகிறார்கள். மகள் கைப்பேசியில் படமாக எடுத்துத் தள்ளுகிறாள். அம்மா நிற்கிறார், அப்பா நிற்கிறார். "பாட்டி, நீங்களும் வந்து நில்லுங்க." பாட்டி வரவில்லை. "நான் எதுக்கும்மா? மரத்த எடு, அழகா இருக்கு" என்று கார்க் கதவைப் பிடித்துக்கொண்டு ஒதுங்கி நிற்கிறார். பிள்ளைகள் அதற்கு மேல் வற்புறுத்தவில்லை. பல குடும்பங்களின் உலா இந்த இடத்தில்தான் முடிந்துபோகிறது. நூறு படம் எடுத்துக்கொண்டு வீடு திரும்புகிறார்கள். அப்படியானால் அது வெறும் செலவுதான், சந்தேகமே இல்லை!

பாட்டி ஏன் ஒதுங்கினார்?

முதலில் மரத்தைப் பற்றிக் கொஞ்சம் தெரிந்துகொள்வோம். பால்மரம் அமேசான் காட்டுப் பிள்ளை. 1876இல் பிரேசிலிலிருந்து ஹென்றி விக்கம் அனுப்பிய விதைகள் லண்டன் கியூ தோட்டத்தில் முளைத்து, 1877இல் 22 கன்றுகள் சிங்கப்பூர் வந்து சேர்ந்தன. ஜப்பான் மரம் குளிருக்குப் பயந்து இலையை உதிர்க்கிறது. நம் நாட்டில் குளிர் ஏது? பால்மரம் வறட்சிக்காக உதிர்க்கிறது. ஆண்டின் தொடக்கத்தில் கெடாவில் மழை குறையும், மண்ணில் ஈரம் இறங்கிவிடும். இலை இருந்தால் அதன் வழியே நீர் ஆவியாகிப் போகும். ஆகவே மூன்று நான்கு வயது தாண்டிய மரம் இலையைக் கழற்றிப் போட்டுவிடுகிறது. கழற்றுவதற்கு முன் இலையிலுள்ள சத்தைத் திரும்ப இழுத்துக்கொள்ளும். பச்சை நிறம் சிதைந்து, உள்ளே மறைந்திருந்த மஞ்சள் வெளியே தெரியும், சிவப்புச் சாயமும் சேரும். வறட்சி கடுமையாக இருக்கும் வடக்கில், கெடாவிலும் பெர்லிசிலும், இந்த நிறமாற்றம் நன்றாகத் தெரியும். ஆண்டு முழுவதும் மழை பெய்யும் இடங்களில் இலை கொஞ்சம் கொஞ்சமாக விழுமே தவிர இப்படிக் காடே சிவக்காது.

பிறகு சில வாரங்களில் செம்பு நிறத்தில் துளிர் வரும். துணி துவைத்துத் தொங்கவிட்ட மாதிரி தளர்ந்து தொங்கும். அது நிமிர்ந்து பச்சையாகும் வரை மரம் தன் சேமிப்பையெல்லாம் இலை கட்டவே செலவிடுகிறது. பால் குறைந்துவிடும். பாட்டி ஒதுங்கியதற்குக் காரணம் இதுதான்.

அன்றைக்குத் தோட்டத்துக் கூலி நாள்கூலி. விடியுமுன் பெரட்டுக்குப் போய்ப் பெயர் கொடுத்தால்தான் அந்த நாள் கணக்கு. பால் கூடுதலாகக் கொண்டுவந்தால் கூடுதல் காசு. இலை உதிரும் மாதத்தில் மங்கில் பால் நிறையாது. மரத்துக்கு ஓய்வு என்று சொல்லிவிட்டால் வெட்டே இல்லை. புல் வெட்டப் போ, கால்வாய் தோண்டப் போ என்பார்கள், அதுவும் எல்லாருக்கும் கிடைக்காது. அந்தக் காலத்தில் பள்ளிக்கூடம் ஜனவரியில் திறக்கும். சீருடை, காலணி, புத்தகப் பை எல்லாம் ஜனவரியில்! தைப்பூசமும் ஜனவரி அல்லது பிப்ரவரியில்! செலவெல்லாம் முன்னால் வந்து நிற்க, வரவு பின்னால் ஓடிவிடும். மளிகைக் கடையின் 555 கடன் புத்தகம் பக்கம் பக்கமாக நிறைவது இந்த மாதங்களில்தான். காய்ந்த இலை மிதிபடும் சத்தம் பேரப்பிள்ளைகளுக்குச் சங்கீதம். பாட்டிக்கு அது கடைக்காரர் கணக்குப் புத்தகத்தைப் புரட்டும் சத்தம்.

இதைப் பாட்டி சொல்லவில்லை. பிள்ளைகளின் சந்தோஷத்தைக் கெடுப்பானேன் என்ற நல்ல மனசு. தோட்டத்துத் தலைமுறைக்கே உரிய குணம் இது. கஷ்டத்தை மறைத்து மறைத்து, கடைசியில் கதையையே மறைத்துவிட்டார்கள்!

1954இல் தோட்டத் தொழிலாளர் சங்கங்கள் ஒன்றுபட்டு தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் அமைந்தது. மாதச் சம்பளம் வேண்டும் என்ற குரல் பல ஆண்டுகள் ஒலித்தது. மழை பெய்தாலும் இலை கொட்டினாலும் அடுப்பு எரிய வேண்டுமே! நாட்டில் குறைந்தபட்சச் சம்பளம் என்று ஒன்று, தீபகற்பத்தில் மாதம் 900 வெள்ளி என, நடப்புக்கு வந்தது 2013இல்தான். அதற்குள் பாட்டி கத்தியைக் கீழே வைத்துப் பல ஆண்டுகள் ஆகியிருக்கும்.

அந்தப் பற்றாக்குறைக் கூலியிலும் மிச்சம் பிடித்தவர்கள் நம் மக்கள். 1960இல் சம்பந்தன் தொடங்கிய தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தில் பத்துப் பத்து வெள்ளியாகச் சேர்த்துத் தோட்டங்களையே வாங்கினார்கள். அடுத்த ஆண்டு வாங்கிய முதல் தோட்டம் எது தெரியுமா? இதே கெடாவின் புக்கிட் சிடிம்!

இனி படத்தைப் பற்றிப் பேசுவோம். தோட்டத்து லயங்களில் கேமரா ஏது? 1948இல் அவசரகாலம் பிரகடனமானபோது, 12 வயதுக்கு மேற்பட்ட எல்லாருக்கும் படத்தோடு கூடிய அடையாள அட்டை கட்டாயமானது. அரசாங்கம் ஆளை அடையாளம் காண எடுத்த படம் அது. ஆசைக்கு எடுத்தது அல்ல. வெள்ளைக்காரர் காலத்து அஞ்சலட்டைகளில் பால்வெட்டுப் பெண்கள் இருக்கிறார்கள். தலையில் துணி, கையில் கத்தி. கீழே 'தமிழ்ப் பெண், ரப்பர்த் தோட்டம்' என்ற பாணியில் ஒரு வரி. பெயர் இருக்காது. பாடாங் செராய் வட்டாரத் தோட்டங்களின் பெயரைக் கேளுங்கள்: விக்டோரியா, ஹென்ரியெட்டா! தமிழ்ப் பள்ளிகளும் அதே பெயரோடு இருக்கின்றன. இரண்டும் வெள்ளைக்காரப் பெண்களின் பெயர்கள். அங்கே மரம் வெட்டிய முனியம்மாக்களுக்கும் காளியம்மாக்களுக்கும் ஒரு நிரைக்குக்கூடப் பெயர் வைக்கவில்லை.

அதனால்தான் பாட்டி அந்தப் படத்தில் இல்லாமல் போவது சின்ன விஷயம் அல்ல. ஏற்கெனவே நூறு ஆண்டு விடுபட்டவர், பேத்தியின் கைப்பேசியிலும் விடுபடலாமா?

நம் கதைக் குடும்பத்துக்குத் திரும்புவோம். அம்மா புத்திசாலி. "அத்தை, இந்த மரத்துல கோடு கோடா இருக்கே, இது எப்படி வெட்டுறது?" என்று கேட்கிறார். அவ்வளவுதான்! நில்லுங்கள் என்றால் நிற்காத பாட்டி, கேட்டதும் மரத்தை நோக்கி நடக்கிறார். பழைய வெட்டுத் தழும்பில் விரலை வைக்கிறார். இடப்பக்கம் மேலே ஆரம்பித்து வலப்பக்கம் கீழே சரியும் கோடு. பட்டைக்குள் பால் ஓடும் நாளங்கள் நேராக ஏறாமல் சற்றே வலப்பக்கம் சாய்ந்து ஏறுகின்றன. கோடு இப்படிச் சரிந்தால் அதிகமான நாளங்கள் அறுபடும், பால் கூடும். பாட்டிக்கு நாளமெல்லாம் தெரியாது. கைக்குத் தெரியும்.

"ரொம்ப ஆழமா போகக்கூடாது. உள்ள இருக்கிற பச்ச எலும்ப தொட்டா மரத்துக்குக் காயம். கங்காணி தலைய கழட்டிடுவாரு" என்கிறார். கொஞ்சம் தள்ளி ஒரு புடைப்பைத் தடவிப் பார்த்து முகம் சுளிக்கிறார். "யாரு வெட்டுனது இத? காயம் பண்ணிட்டான் பாரு!"

பையன் ஆச்சரியப்படுகிறான். "பாட்டி, இது உங்க மரமா?"

"இல்லப்பா. எங்க மரத்தயெல்லாம் எப்பவோ சாச்சிட்டாங்க."

உண்மைதான். ஒரு பால்மரத்தின் ஆயுள் தோட்டக் கணக்கில் 25, 30 ஆண்டு. பிறகு சாய்த்து மேசை நாற்காலிக்கு அனுப்பிவிடுவார்கள். பாட்டி வெட்டிய மரத்துக்கு இது பேரப்பிள்ளை. இதற்கும் எத்தனை நாளோ! 1980களில் நாட்டில் ஏறக்குறைய 20 லட்சம் ஹெக்டேரில் பால்மரம் நின்றது. ரப்பர் உற்பத்தியில் அப்போது உலகத்திலேயே முதலிடம். இன்று பாதியை ஒட்டித்தான் மிச்சம், அதிலும் பெரும்பகுதி சிறுதோட்டக்காரர்களிடம். தோட்டங்கள் செம்பனைக்கு மாறிவிட்டன. செம்பனை இலை உதிர்க்காது, ஆண்டு முழுவதும் ஒரே பச்சை. அங்கே எந்தப் பிள்ளை போய் எந்த நிறத்தைப் படம் எடுக்கும்?

இன்னொரு கவலையும் உண்டு. 2017 முதல் மலேசியப் பால்மரங்களில் பெஸ்டலோடியாப்சிஸ் என்ற பூஞ்சையால் ஓர் இலையுதிர் நோய் பரவியிருக்கிறது. இலையில் வட்ட வட்டமாகப் பழுப்புப் புள்ளி விழும், பருவமில்லாத நேரத்தில் இலை கொட்டும், பால் குறையும். ஆகவே ஆகஸ்டு மாதத்தில் ஒரு தோட்டம் இலையில்லாமல் நின்றால், 'ஆகா, அழகு' என்று படம் எடுத்துப் போடுவதற்கு முன் அது யாருடைய வயிற்றுப்பாடு என்று யோசிக்க வேண்டும்.

போகிறவர்களுக்கு ஒன்றிரண்டு சொல்லிவிடலாம். தோட்டம் யாருக்கோ சொந்தமானது. அலுவலகத்திலோ, சிறுதோட்டம் என்றால் உரிமையாளரிடமோ கேட்டுவிட்டு நுழையுங்கள். மங்கைத் தொடாதீர்கள், அதில் இருப்பது ஒருவரின் அன்றைய கூலி. காய்ந்த இலைமேல் சிகரெட் நெருப்பு வேண்டவே வேண்டாம். கெடாவில் பிப்ரவரியில் ஏழரை மணிக்கு மேல்தான் சூரியன் தலைகாட்டும், எட்டு எட்டரைக்குள் எடுத்தால் வெயில் இலைக்குள் புகுந்து வரும், நிறம் தெளியும். இலைக்குள் பாம்பு இருக்கலாம், பிள்ளைகளுக்குக் காலணி போடுங்கள்.

அந்த மகள் கடைசியில் எடுத்த படத்தில் சிவந்த காடு முழுசாக விழவில்லை. ஒரு மரம், ஒரு தழும்பு, அதன்மேல் ஒரு முதிய கை. குடும்பப் புலனத்தில் அதை அனுப்பும்போது கீழே பாட்டியின் முழுப் பெயர், வேலை செய்த தோட்டம், டிவிஷன், ஆண்டு எல்லாவற்றையும் கேட்டுக் கேட்டு எழுதினாள். ஜொகூரில் இருக்கும் அத்தை உடனே பதில் போட்டார்: "கட்டைவிரல்ல அந்த வெட்டு இன்னும் இருக்கா? நான் ஒண்ணாம் வகுப்பு படிச்சப்போ பட்டது!"

படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார்கள். இருந்தது.

வீடு திரும்பும் வழியில் பாட்டி சொன்னார்: "அடுத்த மாசம் துளிர் வந்ததும் இன்னொரு வாட்டி கூட்டிட்டு வாங்க. பூ பூத்திருக்கும், வாசன வரும். அப்போ எங்களுக்குப் பால் திரும்புற மாசம்."