முடிசூட்டு விழாவில் இசை

இங்கிலாந்து தேசத்து அரசர்களுக்கு முடிசூட்டும் வைபவம் லண்டன் மாநகரின் வெஸ்ட்மின்ஸ்டர் மடாலயத்தில் நடைபெறுவது என்பதை நேயர்கள் அறிவார்கள். கிரீடம், செங்கோல், தங்க ரதம் ஆகியவற்றைப் பற்றிப் பத்திரிகைகள் பக்கம் பக்கமாக எழுதியாயிற்று. நாம் இன்று பேச எடுத்துக்கொண்டது கண்ணுக்குப் புலப்படாத பகுதியாகிய இசையைப் பற்றி.

முடிசூட்டு விழா என்று பெயரே தவிர, அச்சடங்கின் உயிர்நிலை முடி சூட்டுவதன்று. அரசருக்குத் தைலம் பூசுவதுதான். அதைப் பிறர் காணலாகாது என்பது மரபு. 1953-ஆம் ஆண்டில் இரண்டாம் எலிசபெத் ராணிக்கு முடிசூட்டியபோது தொலைக்காட்சியில் விழாவைக் காட்டினார்கள். இந்த ஒரு காட்சியை மட்டும் காட்டவில்லை. 2023-இல் மூன்றாம் சார்லஸ் மன்னரைச் சுற்றிச் சித்திரத் தையல் வேலை செய்த திரைகளை நிறுத்தி மறைத்தார்கள். நம் வீட்டுக் கல்யாணத்தில் பின்வரிசையில் நிற்பவருக்கு மாங்கல்யதாரணம் தெரிவதில்லை. கெட்டிமேளம் காதில் விழுந்ததும் கையிலுள்ள அட்சதையைத் தூவிவிடுகிறார். ஏறக்குறைய அதே வேலையை அங்கே செய்வது ஒரு கீதம். ‘ஆசாரியனாகிய சாதோக்கு’ என்று அதற்குப் பெயர். சாலொமோனுக்குச் சாதோக்கு என்னும் ஆசாரியனும் நாத்தான் என்னும் தீர்க்கதரிசியும் அபிஷேகம் செய்த செய்தி விவிலியத்தில் வருகிறது. 973-ஆம் ஆண்டில் பாத் நகரில் எட்கர் அரசனுக்கு முடிசூட்டிய காலந்தொட்டு அவ்வாசகம் இச்சடங்கோடு சேர்ந்திருக்கிறது.

வாசகம் பழையது, இன்று கேட்கும் இசை 1727-இல் அமைந்தது. அமைத்தவர் ஆங்கிலேயர் அல்லர் என்பதுதான் சுவாரஸ்யம். ஜெர்மனியில் ஹாலே என்னும் ஊரில் 1685-இல் பிறந்த ஹாண்டெல், லண்டனுக்கு வந்து இத்தாலிய இசை நாடகங்கள் இயற்றிப் புகழ் பெற்றவர். 1727 பிப்ரவரியில்தான் அவர் பிரிட்டிஷ் பிரஜையானார். அதற்கு இசைவளித்த முதலாம் ஜார்ஜ் மன்னர் அந்த ஜூன் மாதமே காலமானார். அக்டோபர் 11-ஆம் தேதி புதிய மன்னருக்கு முடிசூட்டு விழா. குடியுரிமை பெற்று ஓராண்டுகூட நிறையாத ஒருவரிடம் நான்கு கீதங்கள் இயற்றும் பொறுப்பு வந்து சேர்ந்தது. உள்ளூர் வித்துவான்கள் முகம் சுளித்திருப்பார்கள் என்று ஊகிக்க நமக்குத் தடையில்லை. பாதிரிமார்கள் வாசகங்களைத் தேர்ந்து அனுப்பினார்கள் என்றும், வேதாகமம் தமக்கும் தெரியும், தாமே தேர்ந்துகொள்வதாக ஹாண்டெல் மறுமொழி சொன்னார் என்றும் ஒரு கதை வழங்குகிறது. அயலூரில் குடியேறி வாழும் நம் போன்றவர்க்கு இக்கதை சற்றுக் கூடுதலாகவே ருசிக்கும்!

ஆனால் விழா நாளன்று இசை சிறப்பாக நடந்ததாகச் சொல்வதற்கில்லை. ஒரு கீதம் அடியோடு விட்டுப்போயிற்று. மற்றொன்றில் ஒரே குழப்பம். முடிசூட்டிய தலைமைக் குருவே தம் நிகழ்ச்சி நிரலில் இவற்றைக் குறித்து வைத்திருக்கிறார். அப்படியிருந்தும் ‘சாதோக்கு’ அன்று முதல் எந்த முடிசூட்டு விழாவிலும் விடுபட்டதில்லை.

அதன் சூட்சுமம் தொடக்கத்தில் இருக்கிறது. பாடகர்கள் உடனே பாடுவதில்லை. வயலின்கள் ஒரே விதமான ஸ்வரக் கோவையை மெல்ல மெல்ல ஏற்றிக்கொண்டு போகின்றன. 22 தாளவட்டங்கள் இவ்வாறு கழிகின்றன. ராகம் விரிவதில்லை, சங்கதிகள் இல்லை, காத்திருத்தல் ஒன்றே இருக்கிறது. இனிப் பொறுக்க முடியாது என்று கேட்பவர் எண்ணும் வேளையில் பாடகர் குழு முழுவதும், எக்காளங்களும் முரசங்களும் சேர, ஒரே மூச்சில் எழுகிறது. ராக ஆலாபனையில் பழகிய நம் செவிக்கு மேனாட்டு இசை பிடிபடுவதில்லை என்பார்கள். இந்த 22 வட்டங்களைக் கேட்டவர்கள் அப்படிச் சொல்ல மாட்டார்கள் என்பது நம் கட்சி. ஐரோப்பியக் கால்பந்துச் சாம்பியன் பந்தயங்களுக்கென 1992-இல் அமைத்த கீதமும் இதைத் தழுவியதே. ஆகவே கல்கத்தாவில் வாழும் நம்மவர் வீட்டுப் பிள்ளைகள் பெற்றோருக்கு முன்பே இதை அறிந்திருக்கக்கூடும்.

அரசர் மடாலயத்துள் நுழையும்போது பாடுவது வேறு கீதம்; பாரி என்பவர் 1902-இல் ஏழாம் எட்வர்டு மன்னருக்காக இயற்றியது. வெஸ்ட்மின்ஸ்டர் பள்ளி மாணவர்கள் லத்தீன் மொழியில் ‘வாழ்க’ என்று முழங்கும் பழைய உரிமையை அவர் கீதத்தின் நடுவிலேயே பொருத்திவிட்டார். அன்று காலக் கணக்குத் தவறிற்று. மன்னர் வந்து சேருமுன் கீதம் முடிந்துபோய், அதன் பிற்பகுதியை மறுபடி பாட நேர்ந்தது.

1953-இல் இசைப் பொறுப்பை ஏற்ற மெக்கீ, ஆஸ்திரேலியாவின் மெல்பர்ன் நகரில் பிறந்தவர். கனடாவில் வாழ்ந்த ஹீலி வில்லனின் கீதம் ஒன்றும் அன்று பாடப்பட்டது. அதுவரை சபையோர் வெறுமனே கேட்டிருந்தார்கள். அவர்களும் வாய் திறந்து பாடவேண்டும் என்று யோசனை கூறியவர் வான் வில்லியம்ஸ் என்னும் முதிய இசைப் புலவர். ஒரு பழைய சங்கீதப் பாட்டை அவரே அதற்காக அமைத்துக் கொடுத்தார். பிரபுக்களும் சீமாட்டிகளும் எழுந்து பாடினார்கள். அந்தப் பாட்டின் மெட்டும் இங்கிலாந்தில் பிறந்ததன்று. 16-ஆம் நூற்றாண்டில் ஜெனிவா நகரிலிருந்து வந்தது.

2023 மே 6-ஆம் தேதி நடந்த விழாவுக்கெனப் புதிதாக 12 உருப்படிகள் இயற்றச் செய்தார்கள். வேல்ஸ் மொழியில் ஒரு பாட்டு ஒலித்தது. கிரேக்க நாட்டில் பிறந்த தம் தந்தையின் நினைவாக, அந்த நாட்டுத் திருச்சபை முறையில் ஒரு சங்கீதம் பாடவேண்டுமென்று மன்னர் விரும்பினார்; அதுவும் நிறைவேறிற்று. கறுப்பின மக்களின் தேவாலயங்களில் வளர்ந்த பாணியைப் பாடும் குழுவொன்று முதன்முறையாக இச்சடங்கில் இடம்பெற்றது.

மடாலயத்தின் இசைத் தலைவராக நின்று அன்று பாடகர்களை நடத்தியவர் ஆண்ட்ரூ நெத்சிங்கா. இவருடைய தந்தை லூசியன் நெத்சிங்காவும் இங்கிலாந்தில் எக்ஸெட்டர் தேவாலயத்தின் இசைத் தலைவராகப் பல ஆண்டுகள் விளங்கியவர். பிறந்த ஊர் கொழும்பு. திரைகள் சூழ்ந்தன, வயலின்கள் மெல்ல எழுந்தன, 22 வட்டங்கள் நிறைந்ததும் பாடகர்கள் பாடத் தொடங்கினார்கள்.