இன்னாடா மொறைக்கிற?

(ஆரணியில் நெசவாளர் வீட்டு இளைஞர்கள் கூடிய வாசிப்புக் கூட்டமொன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)



இன்று முகத்தைப் பற்றிப் பேசப் போகிறேன். சிரித்த முகத்தைப் பற்றி அல்ல, கோபித்த முகத்தைப் பற்றி. தமிழில் அதற்குச் சொற்களுக்குப் பஞ்சமே இல்லை. முறைப்பது, சுளிப்பது, கடுகடுப்பது, சிடுசிடுப்பது, புருவத்தை நெறிப்பது, உதட்டைப் பிதுக்குவது, உர்ரென்று இருப்பது, உம்மென்று இருப்பது. நம்ம பக்கத்தில் 'மூஞ்சிய தூக்கி வச்சினு இருக்கா' என்போம். முகம் கறுத்துப்போச்சு என்கிறோம், சிவந்துபோச்சு என்றும் சொல்கிறோம். இது இன்று நேற்று வந்த பழக்கம் இல்லை. கறுப்பு, சிவப்பு ஆகிய இரண்டு சொற்களுக்கும் கோபம் என்ற பொருள் உண்டு என்று தொல்காப்பிய உரியியல் சொல்கிறது. அவை நிறத்தையும் குறிக்கும் என்பதை அதற்கு அடுத்தபடியாகத்தான் சொல்கிறது. கறுப்புக்கு நடுவே சிவப்பு வட்டம் வைத்த திராவிடர் கழகக் கொடி எனக்கு நினைவுக்கு வந்தது. உங்களுக்கும் வந்திருக்கும்.

அதே தொல்காப்பியம் மெய்ப்பாட்டியலில் கோபம் பிறக்கும் இடங்கள் நான்கு என்கிறது. உடலுறுப்பை அறுப்பது, குடியைக் கெடுப்பது, அடித்து வருத்துவது, கொல்வது. படித்தால் ஏதோ ஒரு வன்கொடுமை வழக்கின் முதல் தகவல் அறிக்கை மாதிரி இருக்கிறது. இந்த நான்கையும் தலைமுறை தலைமுறையாக அனுபவித்தவர்கள் இந்த நாட்டில் யார்? அவர்கள் முகத்தில் கோபம் தெரிந்தால் அதற்கு என்ன பெயர்? 'திமிர்'.

என் பேச்சே இந்த இடத்தில்தான் தொடங்குகிறது. கோபித்தால் முகத்தில் சுருங்கும் தசை எல்லா மனிதருக்கும் ஒன்றுதான். முகபாவங்களில் முக்கியமானவை மனிதகுலம் முழுமைக்கும் பொது என்று 1872லேயே டார்வின் ஒரு புத்தகம் எழுதிவிட்டார். தசைக்குச் சாதி இல்லை, ஆனால் சொல்லுக்கு இருக்கிறது. ஊர்ப் பெரியவர் முகத்தைக் கடுமையாக வைத்திருந்தால் 'கண்டிப்பானவர்'. அதே முகம் காலனிப் பையனுக்கு இருந்தால் 'முறைக்கிறான்'. அதுவே ஒரு பெண்ணுக்கு இருந்தால் 'சிடுமூஞ்சி'. 'இன்னாடா மொறைக்கிற?' என்ற கேள்வியை யார் யாரிடம் கேட்கிறார்கள் என்று ஒரு வாரம் கவனித்துப் பாருங்கள். கூலி வாங்குபவர் கொடுப்பவரிடம் அதைக் கேட்டு நான் பார்த்ததில்லை. பதில் எதிர்பார்த்துக் கேட்கிற கேள்வியும் அல்ல அது. கண்ணைக் கீழே போடு என்ற கட்டளை.

கோபம் பலிக்கிற இடத்தில் அதை அடக்குபவர்தான் உண்மையில் அடக்குகிறவர், பலிக்காத இடத்தில் அடக்கினால் என்ன, அடக்காவிட்டால் என்ன என்கிற பொருளில்தான் வள்ளுவர் 'வெகுளாமை' அதிகாரத்தையே தொடங்குகிறார். கோபத்துக்கு மேடு பள்ளம் உண்டு என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. நம் பள்ளிக்கூடங்களில் அந்த அதிகாரத்தைப் பள்ளத்தில் இருப்பவர்களுக்கு மட்டும் போதிக்கிறார்கள்.

இன்னொரு முகம் உண்டு, சுளிக்கிற முகம். முறைப்பில் கோபம் இருக்கிறது, சுளிப்பில் அருவருப்பு. இரண்டில் ஆபத்தானது சுளிப்புதான் என்பது என் கருத்து. கோபிப்பவர் எதிரில் ஒரு ஆள் நிற்கிறார் என்பதையாவது ஒப்புக்கொள்கிறார். 1901இல் சிறுவன் அம்பேத்கர் தன் அண்ணனோடும் அக்கா மகனோடும் அப்பாவைப் பார்க்க ரயிலில் போய் மசூர் நிலையத்தில் இறங்குகிறார். நல்ல உடுப்பு போட்ட பிள்ளைகள். ஸ்டேஷன் மாஸ்டர் அன்பாகத்தான் விசாரிக்கிறார். நாங்கள் மஹர்கள் என்று பிள்ளைகள் சொன்னதும் அவர் முகம் அப்படியே மாறிவிடுகிறது. ஒன்றும் பேசாமல் தன் அறைக்குத் திரும்பிவிடுகிறார். 'விசாவுக்காகக் காத்திருத்தல்' நூலில் அம்பேத்கர் இதை எழுதியது 30 ஆண்டுகளுக்கும் மேல் கழித்து. அந்த முகத்தை அவர் மறக்கவில்லை. அந்த ஆள் திட்டியிருந்தால் ஒருவேளை மறந்திருப்பார்.

டீக்கடைகளில் இரட்டைக் குவளை போய்ப் பேப்பர் கப் வந்துவிட்டது, இன்னும் என்ன சாதி என்கிறார்கள். கப்பை நீட்டுகிறவரின் முகத்தையும் கொஞ்சம் பாருங்கள் என்பேன்.

இங்கே தறிக்காரர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. நாள்கணக்கில் குழியில் கால் போட்டு நெய்த சேலையை முதலாளி வெளிச்சத்தில் விரித்துப் பார்ப்பார். வாயைத் திறக்க மாட்டார், உதட்டை மட்டும் பிதுக்குவார். பாவும் சரிகையும் அவருடையவை, கூலிக் கணக்கு நோட்டும் அவருடையது. எவ்வளவு பிடிப்பார் என்பது அந்த உதட்டிலேயே தெரிந்துவிடும். பதிலுக்கு நெசவாளி முகத்தைச் சுளித்தால் அடுத்த பாவு வராது. வேலை செய்கிற இடத்தில் முகத்தை அடக்கி வைப்பதும் ஒரு வேலைதான். அதற்குக் கூலி கிடையாது.

செய்தித்தாளுக்கு வருவோம். 'முறைத்துப் பார்த்ததில் இரு தரப்பினரிடையே தகராறு.' இந்த வரியை எத்தனை முறை படித்திருப்போம்! ஒருவர் நிமிர்ந்து பார்த்திருப்பார், இன்னொருவர் அரிவாளோடு வந்திருப்பார். அந்த வரி இருவரையும் 'இரு தரப்பு' ஆக்கிவிடுகிறது. பார்த்ததுதான் காரணம், வெட்டியது விளைவு என்றும் சொல்லாமல் சொல்லிவிடுகிறது. செய்தியாளர் தானாக இதை எழுதுவதில்லை, பெரும்பாலும் காவல் நிலையத்தில் கிடைக்கிற வாசகம்தான் அச்சாகிறது.

ஆகவே சட்டம் படிக்கிற தோழர்கள் கவனியுங்கள். 1989 வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில், 2015 திருத்தத்துக்குப் பிறகு, சாதிப் பெயரைச் சொல்லித் திட்டுவது ஒரு குற்றம். பொதுப் பார்வைக்கு உட்பட்ட இடத்தில் இழிவுபடுத்தும் நோக்கோடு அவமதிப்பதும் மிரட்டுவதும் அதற்கு முந்தைய பிரிவில் தனிக் குற்றம். அவமதிப்பு வாய்வார்த்தையாகத்தான் இருக்க வேண்டும் என்று அந்தப் பிரிவில் இல்லை. முகத்தை மட்டும் வைத்து வழக்கு நடத்தச் சொல்லவில்லை. ஆனால் நம் புகார்களில் திட்டிய சொல் மட்டும்தான் பதிவாகிறது. துப்பியது, மூக்கைப் பொத்தியது, தொடாமல் காசை வீசியது, பக்கத்தில் யார் யார் நின்றார்கள் என்பதெல்லாம் விடுபட்டுப் போகிறது. அவற்றையும் எழுதுங்கள்.

எழுத்தர் 'முறைத்ததால் தகராறு' என்று சுருக்கி எழுதினால் கையெழுத்துப் போடாதீர்கள். வாய்மொழியாகச் சொன்ன புகாரை எழுதி, வாசித்துக் காட்டிய பிறகுதான் கையெழுத்து வாங்க வேண்டும், நகலை உடனே இலவசமாகத் தர வேண்டும் என்கிறது இந்தச் சட்டத்துக்கான 1995 விதிகளில் 5ஆவது விதி. விதி எண்ணைச் சொல்லிக் கேளுங்கள். கேட்கும்போது எதிரில் இருப்பவரின் முகத்தைப் பார்த்தே கேளுங்கள்.